வின்சென்ட் அண்ணனின் பாடு

வின்சென்ட் அண்ணனின் வண்டி எங்கள் தெருவுக்குச் சத்தமில்லாமல்தான் வந்து நிற்கும். பாலத்தில் ஏறும்போது மட்டும் அதன் இருமல் கேட்கும். உச்சிக்கு வந்ததும் அவர் நிறுத்துகிற குமிழை இழுத்து இன்ஜினை அணைத்துவிடுவார். பிறகு வண்டி தானாகச் சரிவில் உருண்டு, வளைவில் திரும்பி, மாதா சொரூபம் இருக்கும் கெபிக்கு எதிரே இறால் கூடைகளோடு நிற்கும் எங்கள் பக்கத்தில் வந்து ஓய்ந்து நிற்கும். டயர் மணலை அரைக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் நாங்கள் தலையில் சும்மாடு வைப்போம்.

டீசல் மிச்சம் பிடிக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. சின்ன வயதிலிருந்து அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர். பழவேற்காடு ஏரியில் ஆழம் கிடையாது. இன்ஜின் ஓட ஓடக் கரைக்கு வந்தால் தண்ணீருக்குள் சுற்றும் விசிறி சேற்றைக் கடித்து உடைந்துவிடும். அதனால் தூரத்திலேயே இன்ஜினை அணைத்து, வந்த வேகத்திலேயே படகை மிதக்க விடுவார்கள். அந்தப் பழக்கம் அவர் கையில் ஏறிவிட்டது. படகை விட்டு வண்டிக்கு வந்த பிறகும் கை அதை விடவில்லை.

படகை ஏன் விட்டார் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. அதற்குப் பாடு வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனவக் குப்பத்துக்காரர்கள் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு, நாளைக்கு இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. அது அப்பன் வழியாகப் பிள்ளைக்கு வருவது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கிறிஸ்தவத் தெருவுக்கு அது என்றைக்கும் இருந்ததில்லை. நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து கையால் இறால் தடவுகிறவர்கள். வின்சென்ட் அண்ணன் கூலியைச் சேர்த்து ஒரு படகு இன்ஜின் வாங்கினார். படகு வாங்கவில்லை. வாங்கினாலும் எந்தத் தண்ணீரில் வலை கட்டுவது? அந்த இன்ஜின் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது.

எங்கள் கோயிலில் பாடு என்றால் வேறு அர்த்தம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க ஆண்டவர் பட்ட பாடுகளைத்தான் தியானிக்கிறோம். அண்ணனின் மனைவி பிலோமினாவுக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. "ஏரில பாடு இல்லாதவங்களுக்கு இந்தப் பாடாவது குடுத்தாரே ஆண்டவரு" என்பாள். அண்ணன் சிரிக்க மாட்டார். வண்டி வாங்கிய அன்று அதன் முகப்பில் ஜெபமாலையைத் தொங்கவிட்டு, "இதாம்மே நம்ம பாடு" என்று அவளிடம் சொன்னார்.

அது கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடிய பழைய டீசல் கார். பத்துப் பேர் உட்காரக்கூடியது. மீட்டர் எப்போதோ நின்றுபோயிருந்தது. பொன்னேரியில் பட்டறை வைத்திருக்கும் முரளி, இது நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்த வண்டி என்று கேலி செய்வார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, அண்ணன் காலையில் குப்பத்துக்குப் போவார். அங்கே உயிர் நண்டுகளின் காலையும் கொடுக்கையும் கட்டிக் கூடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வந்து எங்களையும் ஏற்றிக்கொள்வார். எங்களைப் பொன்னேரிச் சந்தையில் இறக்கிவிட்டு, மீஞ்சூருக்கு அப்பால் இருக்கும் நண்டு ஏஜென்ட் இளங்கோவனின் கொட்டகைக்குப் போவார். பிலோமினா கூடவே போய், கூடைமேல் போர்த்திய கோணிகளுக்கு வழியெல்லாம் தண்ணீர் தெளிப்பாள். நண்டு உயிரோடு போனால்தான் வெளிநாட்டுக்கு விமானம் ஏறும். செத்த நண்டைச் சீந்த ஆளில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள்தான் அவருக்கு எமனாக வந்தன. மீஞ்சூர் ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக அவை ரயில் பெட்டி மாதிரி நகரும். முந்த வேண்டுமானால் எதிர்ப்பக்கம் காலியாகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் வண்டி சட்டென்று பாய வேண்டும். இந்த வண்டி பாயாது. அண்ணன் கியரை இறக்கி மிதிப்பார். கறுப்புப் புகை வரும். பாதி லாரி தாண்டுவதற்குள் எதிரே பஸ் வந்துவிடும். மறுபடி பின்னால் ஒதுங்கி லாரிப் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்வார். வெயில் ஏறும். நண்டுகள் வாயில் நுரை தள்ள ஆரம்பிக்கும். அதுதான் சாகப்போகிற அடையாளம்.

தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு தடவை பாதிக்கூடை செத்துப் போனது. இளங்கோவன் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே கம்பெனி இருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால், கம்பெனியே குளிர்சாதன வண்டியைக் குப்பத்துக்கு அனுப்பிவிடும் என்று சொல்லிவிட்டார். அந்த வண்டி எங்கள் தெருவில் நிற்காது. அண்ணனுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. அன்று அவர் சாப்பிடாமல் கெபி முன்னால் உட்கார்ந்திருந்ததைத் தெருவே பார்த்தது.

மறுநாள் நண்டை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் முரளியின் பட்டறைக்குப் போனார். சந்தை முடிந்து அவர் வண்டியில் ஏறியிருந்ததால் நானும் கூடவே இருந்தேன். முரளி மூடியைத் திறந்து, எண்ணெய் ஊற்றுகிற வாயிலிருந்து புகை வருவதைக் காட்டினார். உள்ளே ரிங் தேய்ந்துவிட்டது, பிரித்துப் புதிதாகப் போட்டால்தான் இழுக்கும் என்றார். அதற்கு வண்டி பட்டறையில் பல நாள் கிடக்க வேண்டும். அத்தனை நாள் நண்டு யார் வண்டியில் போகும்? போன பிறகு திரும்பி வருமா? அண்ணன் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் அலமாரியில் கிடந்த அந்தச் சாமான் அவர் கண்ணில் பட்டது.

"சங்கு மாரி கீதே, இன்னாது அது?"

அது வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய டர்போ. இன்ஜின் வெளியே தள்ளுகிற புகையாலேயே அதற்குள் ஒரு சக்கரம் சுற்றும், அந்தச் சுற்றில் இன்னொரு பக்கம் வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும், காற்று அதிகமானால் டீசல் நன்றாக எரியும், இழுவை வரும் என்று முரளி விளக்கினார். மூச்சு வாங்குகிறவனுக்கு மூச்சு கொடுப்பது மாதிரி என்று எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் அப்படித்தான் புரிந்திருக்க வேண்டும்.

"இத்த மாட்டிக் குடு முரளி."

"அண்ணா, புது இன்ஜினுக்கே பாத்துதான் மாட்டணும். இந்தக் கெழட்டு இன்ஜினுக்கு இத்த மாட்டுனா நெஜமாவே சங்கு ஊதுன மாரிதான்."

அண்ணன் விடவில்லை. காலில் விழாத குறையாகக் கேட்டார். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை, அந்தப் படகு இன்ஜினை எடுத்துக்கொள் என்றார். முரளி என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது மட்டும்தான்.

முரளி கடைசியில் ஒத்துக்கொண்டார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, காற்றை அதிகம் திணிக்காதபடி அடக்கித்தான் மாட்டினார். மாட்டி முடித்து அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"இந்தச் சக்கரம் பயங்கர வேகமா சுத்தும்ணா. இன்ஜின் எண்ணெதான் அதுக்கு உசுரு. ஓடி வந்த சூட்டுல பட்டுனு அணைச்சன்னு வையி, எண்ணெ நின்னுடும், சக்கரம் நிக்காது. உள்ளாற கருகிடும். எங்க நின்னாலும் கொஞ்ச நேரம் சும்மா ஓட வுட்டு, அப்பால அணை. இத்த மட்டும் மறந்துடாத."

அண்ணன் ஜெபமாலையைத் தொட்டு, மறக்க மாட்டேன் என்றார்.

தார்ப்பாய்க்குள் கிடந்த படகு இன்ஜின் பொன்னேரிக்குப் போனது. அது கிடந்த இடத்தில் புல் வெள்ளையாக இருந்தது. பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வண்டியை ஆசீர்வதித்து மந்திரிக்கச் சொன்னார். மூடியைத் திறந்து சங்கின் மேலும் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார். சூட்டில் தீர்த்தம் சொய்யென்று ஆவியானது. சாமியாரே சிரித்துவிட்டார். அந்தச் சாமானுக்குத் தெருவில் சங்கு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஆண்டவர் இரக்கம் வைத்தார் என்றுதான் நினைத்தோம். மீஞ்சூர் ரோட்டில் அண்ணன் மிதித்தபோது சங்குக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. வண்டி முதுகில் யாரோ தள்ளிவிட்டது போல முன்னே பாய்ந்து லாரியைத் தாண்டியது என்று பிலோமினா வந்து சொன்னாள். தான் பயத்தில் மாதாவே என்று கத்தியதையும், அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்ததையும் சொன்னாள். கூடையைத் திறந்தால் நண்டுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தனவாம். இளங்கோவன் குளிர்சாதன வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. ஈஸ்டர் வரைக்கும் இப்படியே உயிரோடு வந்தால் கம்பெனி மனம் மாறிவிடும் என்றாராம்.

முரளி சொன்னதை அண்ணன் முதலில் அச்சுப் பிசகாமல் செய்தார். பாலத்து உச்சியில் அணைக்காமல், இன்ஜின் ஓட ஓடத்தான் தெருவுக்கு வந்தார். சத்தம் கேட்டு நாங்கள் யாரோ என்று பயந்தோம். கெபிக்கு எதிரே நிறுத்தி, சும்மா ஓட விட்டு, ஜெபமாலையில் மணிக்கு ஒரு ஜெபமாகப் பத்து மணி சொல்லி முடித்து, அப்புறம்தான் குமிழை இழுப்பார். சங்கு ஆறுவதற்கும் ஜெபம் முடிவதற்கும் சரியாக இருந்தது.

கைப்பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகுமா? ஒருநாள் பாலம் ஏறி உச்சிக்கு வந்தபோது அவர் கை தானாகக் குமிழை இழுத்துவிட்டது. ஏற்றத்தில் சங்கு முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். அணைந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டே உருண்டு வந்தார். வண்டி மறுபடி நன்றாகவே கிளம்பியது. ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு தைரியம். அடுத்த வாரம் மறுபடி கை போனது. அப்புறம் பல நாள் போனது. ஜெபத்தை மட்டும் விடவில்லை. அணைந்த வண்டியில் சரிவில் உருண்டபடியே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்து ஞாயிறு வந்தபோது, வண்டிக்குப் பின்னால் நீலப்புகை வர ஆரம்பித்திருந்தது. தினமும் எண்ணெய் குறைந்தது. அண்ணன் யாரும் எழுவதற்கு முன் எழுந்து ஊற்றி வைத்தார். காலி டப்பாக்களைப் பிலோமினா கோழிக்கூட்டுக்குப் பின்னால் கண்டெடுத்தாள். "வண்டி குடிக்குதா, நீ குடிக்கிறியா?" என்று கேட்டாளாம். அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாராம். அவள் என்னிடம் வந்து அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்து, சிரிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முரளி பார்த்துவிட்டுச் சங்கின் தண்டு ஆடுகிறது, எண்ணெய் கசிந்து இன்ஜினுக்குள்ளேயே போகிறது, இப்போதே கழற்றிவிடு என்றார். கழற்றினால் வண்டி பழையபடி லாரிக்குப் பின்னால் ஊரும். குருத்து ஞாயிறில் தொடங்கும் பெரிய வாரத்தில் நண்டுக்குத் தேவை அதிகம். இந்த வாரம் தவறினால் எல்லாம் தவறியது. ஈஸ்டர் முடிந்ததும் கழற்றுகிறேன் என்று அண்ணன் கெஞ்சினார். சூட்டோடு அணைக்காமல்தானே இருந்தாய் என்று முரளி கேட்டதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார். முரளி வண்டியின் மூடியைச் சாத்தினார்.

பெரிய வியாழக்கிழமை காலை. நாங்கள் கெபிக்கு எதிரே கூடைகளோடு நின்றோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை, விசிலும் இல்லை. ஒரு கூச்சல். ஏற ஏறக் கூடிக்கொண்டே போனது. உச்சியில் வண்டி தெரிந்தபோது அதைச் சுற்றி வெள்ளைப் புகை மூடியிருந்தது. நாங்கள் கூடைகளைப் போட்டுவிட்டுப் பாலத்தின் மேல் ஓடினோம்.

அண்ணன் கிளட்சை மிதித்துக் கியரை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கைப் பிடித்து வண்டியை உச்சியிலேயே நிறுத்தியிருந்தார். ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை. குமிழை வெளியே வருகிற மட்டும் இழுத்திருந்தார். ஆனாலும் இன்ஜின் நிற்கவில்லை. டீசலை நிறுத்தினால் என்ன, அது தன் எண்ணெயையே குடித்து ஓடிக்கொண்டிருந்தது. கியரில் போட்டுத் திணறடித்து நிறுத்தலாம் என்று முரளி பிறகு சொன்னார். ஆனால் அந்தப் பிரேக்கை நம்பிக் கியரில் போட்டால் வண்டி எங்கள் மேலேயே இறங்கிவிடும் என்று அண்ணன் பயந்திருக்கிறார். சரிவில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம் அல்லவா?

பிலோமினா சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். அண்ணன் இறங்கி மூடியைத் திறந்தார். சங்கின் வாய்க்குப் போகிற காற்றுக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். அது வாயைத் திறந்து ஊரில் உள்ள காற்றையெல்லாம் இழுத்தது.

"கோணி குடும்மே" என்றார்.

பிலோமினா நண்டுக்கூடை மேலிருந்த ஈரக்கோணியை உருவிக் கொடுத்தாள். அதை மடித்து அந்த வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். கோணியின் ஓரத்தை அது கடித்து இழுத்தது. கை சுட்டு அவர் முகம் கோணியது. ஆனாலும் எடுக்கவில்லை. கூச்சல் இறங்கியது, முனகியது, வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. தான் மூச்சு கொடுத்த வாயைத் தானே அடைத்துக் கொன்றது போல அவர் நின்றார். ஏரிக்காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டி இனி ஓடாது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. நண்டுகள் கூடைக்குள் இருந்தன. குப்பத்துப் பல வீடுகளின் நண்டு அது. அண்ணன் வெந்த கையில் போனைப் பிடித்துக்கொண்டு லோடு ஆட்டோக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பண்டிகை நேரம், எல்லாரும் சவாரியில் இருந்தார்கள். வருகிற போகிற வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினார். பாலத்தின் மேல் வெயில் ஏறிக்கொண்டே போனது. பிலோமினா ஒரு கூடையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"நொர தள்ளுதுங்க."

அதைக் கேட்டதும் அவர் தேடுவதை நிறுத்திவிட்டார். இன்னும் தேடிக்கொண்டிருந்தால் பிழைப்பு கையில் இருப்பது போலவே இருக்கும், நண்டு மட்டும் சாகும். அது அவருக்குப் புரிந்தது. இளங்கோவனைக் கூப்பிட்டார்.

"சார், உங்க கம்பெனி வண்டியவே அனுப்புங்க. நண்டு உசுரோட கீது, அது வர்ற வரிக்கும் நான் வச்சிக்குறேன்."

எதிர்முனையில் என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. இனி அந்த வண்டிதான் வரும் என்று சொல்லியிருப்பார்கள். "தெரியும் சார்" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

நாங்கள் ஆளுக்கு ஒரு கூடையாகப் பாலத்துக்குக் கீழே இறக்கினோம். அங்கே நீரோட்டம் உண்டு, நிழலும் உண்டு. ஆனால் அங்கே வலை கட்டியிருந்தது. அன்றைக்கு அது யாருடைய பாடோ. எங்கள் தெருக்காரர் யாரும் அந்தத் தண்ணீரில் ஒரு சாமானை இறக்கியது கிடையாது. அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையிலேயே தயங்கி நின்றார். வலைக்குப் பக்கத்தில் படகில் இருந்தவர் குப்பத்துப் பூவரசன். அந்தக் கூடைகளில் அவர் வீட்டு நண்டும் இருந்தது. மேலே நின்ற வண்டியையும் அண்ணனின் கையையும் பார்த்தார்.

"இன்னிக்கு என் பாடுதான்ணா" என்றார். "எறக்குங்க."

கூடைகளை வாய்வரை தண்ணீரில் அமிழ்த்திக் கல் வைத்தோம். அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு கூடையாக அசைத்து ஓட்டத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நுரை கரைந்தது. மதியத்துக்குள் கம்பெனி வண்டி வந்து எல்லாவற்றையும் உயிரோடு எடுத்துக்கொண்டு போனது. அது போன பிறகும் அவர் தண்ணீரிலேயே நின்றார். பிலோமினாதான் இறங்கிப் போய்த் தோளைப் பிடித்து ஏற்றினாள். அன்று மாலைப் பூசையில், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்தது போலச் சாமியார் பாதம் கழுவும்போது, அதற்கு உட்காருகிறவர்கள் வரிசையில் அண்ணன் இல்லை. கடைசி பெஞ்சில் கையில் துணி சுற்றிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஆண்டவரே, அவருக்கு ஒரு வழி காட்டும் என்று அவருக்காக மன்றாடினேன். இப்போதும் மன்றாடுகிறேன். வழி இன்னும் தெரியவில்லை.

தெருவிலுள்ளவர்கள் வண்டியைத் தள்ளி, படகு இன்ஜின் கிடந்த அதே இடத்தில் நிறுத்தி, அதே தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். கை ஆறியதும் அண்ணன் எங்களோடு இறால் தடவ வந்தார். உயரமான ஆள், தண்ணீரில் உட்கார்ந்து நகர அவருக்கு வரவில்லை. முதுகு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் சந்தைக்குப் பஸ்ஸில் போகிறோம். கண்டக்டர் கூடைக்கு முகம் சுளிப்பார்.

கம்பெனி வண்டி எங்கள் தெருவில் நிற்பதில்லை. ஒருநாள் மட்டும் பாலம் ஏறுகிற இடத்தில் மாடுகள் குறுக்கே படுத்திருந்ததால் நிற்க வேண்டியதாகிவிட்டது. ஓட்டுநர் சின்னப் பையன். அண்ணன் தண்ணீர் சொட்டச் சொட்ட அதன் பக்கத்தில் போனார். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுலயும் சங்கு கீதா தம்பி?"

பையனுக்குப் புரியவில்லை. டர்போவைத்தான் கேட்கிறார் என்று நான் சொன்னேன். இருக்கிறது என்றான்.

"அணைக்கும்போது பட்டுனு அணைக்காத. கொஞ்ச நேரம் ஓட வுடு. மனசுக்குள்ள பத்து மணி சொல்ற நேரம்."

பையன் எதுவும் புரியாமலே தலையாட்டினான். மாடுகள் எழுந்து போயின. வண்டி பாலத்தில் ஏறி மறைந்தது. அண்ணன் பிடித்த இறாலைப் போடும் பறிக்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினார்.